மேல் சுரங்கள் போன பிறகு

சதுரங்கப்பட்டினம் மீனவர் குப்பத்தில் யோகேஸ்வரி வீடு எது என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூடக் காட்டும். "கண்ணு தெரியாத அக்காவா? ஆர்கெஸ்ட்ரால வாசிக்குமே, அதுவா?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுக் காட்டும். அவள் ஆறேழு வாத்தியம் வாசித்தவள், சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டுப் போட்டவள் என்பது அங்கே யாருக்கும் பெரிய விஷயமில்லை. தெரிந்தவர்களும் அதைப் பற்றி இப்போது அவளிடம் பேசுவதில்லை.

சின்ன வயதில் பகலில் அவளுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. பொழுது சாய்ந்தால்தான் தகராறு. மணலில் காயப்போட்ட வலையில் கால் மாட்டி விழுவாள். போட்டைக் கட்டிய கயிறு தடுக்கி விழுவாள். மாலைக்கண் என்று சொல்லி அவள் அம்மா ஆதியம்மாள் மீன் ஈரலும் முருங்கைக்கீரையுமாக ஆக்கிப் போட்டாள். குணம் தெரியவில்லை. பெரிய மனுஷியான வருஷம் பக்கப் பார்வையும் சுருங்க ஆரம்பித்தது. விழித்திரை கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டுப்போகிறது, இதற்கு மருந்து கிடையாது என்று சென்னையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். கூப்பிட்டால் சில சமயம் திரும்பியும் பார்க்க மாட்டாள். அதை யாரும் நோயென்று நினைக்கவில்லை. "திமிரு. அப்பன மாதிரி" என்பாள் ஆதியம்மாள்.

அந்த அப்பா தேவேந்திரன் ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போனவர். மகள் பள்ளிக்கூடம் போகும்போதே மஞ்சள் காமாலையில் இறந்துவிட்டார். ஆதியம்மாள் மீன்கூடையோடு பஸ் ஏறித் திருக்கழுக்குன்றம் போய் விற்று வந்தாள். மகளைப் பார்வையற்ற பெண்களுக்கான ஒரு விடுதிப் பள்ளியில் சேர்த்தாள்.

அங்கே ஒரு பாட்டு அறை இருந்தது. ஒரு ஆர்மோனியம், ஒரு டோலக், ஒரு மாண்டலின், இரண்டு புல்லாங்குழல், யாரோ தானமாகக் கொடுத்த பழைய கீபோர்டு. சாப்பாடு முடிந்ததும் யார் முதலில் ஓடி வருகிறார்களோ அவர்களுக்குப் பிடித்தது கிடைக்கும். யோகேஸ்வரி சுவரைத் தடவிக்கொண்டு மெதுவாக வருகிறவள். அவள் வந்து சேரும்போது எது சும்மா கிடக்கிறதோ அதுதான் அவளுக்கு. இன்றைக்கு டோலக், நாளைக்கு மாண்டலின். எதையும் தேர்ந்தெடுக்காமலே எல்லாம் கைக்கு வந்துவிட்டது. "நான் ஒண்ணும் ஆசப்பட்டு இவ்ளோ கத்துக்கல. மிச்சம் மீந்தத வாசிச்சேன், அவ்ளோதான்" என்று பிற்பாடு அவளே சொல்லிச் சிரிப்பாள்.

பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்தவளை ஜெகதீசனின் குழுவில் சேர்த்துவிட்டது ஒரு ஆடி மாதம். செங்கல்பட்டில் இன்னிசைக் குழு வைத்திருந்த ஜெகதீசன், கூழ் ஊற்றும் கோயிலுக்கும் கல்யாண மண்டபத்துக்குமாக வருஷம் முழுக்க ஓடுகிற மனிதர். கீபோர்டு வாசிப்பவர் வராத ஒரு நாள் யாரோ சொல்லி இவளைக் கூப்பிட்டார். அடுத்த வாரம் டோலக் ஆள் வரவில்லை. அதற்கும் இவளே உட்கார்ந்தாள். அதன் பிறகு குழுவில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் ஜெகதீசனுக்கு வியர்க்கவில்லை. மேடையேறும்போது அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏறுவாள். உட்கார்ந்துவிட்டால் யார் கையும் வேண்டாம்.

பன்னிரண்டு வருஷம் போல அப்படிப் போயிற்று. அதற்குள் பார்வை முன்னால் ஒரு சின்ன வட்டமாகச் சுருங்கி, வட்டமும் புகை படிந்த மாதிரி ஆகிவிட்டது. அந்த வருஷங்களில்தான் பாட்டும் எழுத ஆரம்பித்தாள். எழுதுவது என்றால் போனில் பேசிப் பதிந்து வைப்பது. அவள் பாட்டில் கடலும் அலையும் அதிகம் இருக்காது. அம்மா பஸ்ஸில் போவதைப் பற்றி ஒன்று இருந்தது:

"பஸ்ஸு ஏறி நின்னா பாதி சீட்டு காலி,
எங்கம்மா கூடைக்கு எவ்ளோ மரியாத!"

மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு எழுந்து போகிறவர்களைப் பற்றிய அந்தப் பாட்டுக்குத் துள்ளலான மெட்டுப் போட்டிருந்தாள். கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். இரண்டாவது சரணத்தில் சிரிப்பு நின்றுவிடும்.

அந்தப் பாட்டை முதன்முதலில் பாடியவள் ரஞ்சிதா. சிங்கப்பெருமாள் கோயில் பெண். பக்கத்துத் தொழிற்பேட்டையில் கார் உதிரிப் பாகம் செய்யும் கம்பெனியில் ஷிப்டு வேலை, சனி ஞாயிறு ஜெகதீசன் குழுவில் பாட்டு. யோகேஸ்வரியைவிட ஆறேழு வயது சின்னவள். அலட்டல் இல்லாத, மெல்லிய, உயரத்தில் தெளிவாக நிற்கிற குரல். ஒரு நாள் வேன் வரக் காத்திருந்த நேரத்தில் யோகேஸ்வரி தன் பாட்டை முணுமுணுக்க, இவள் கூடச் சேர்ந்து பாடிவிட்டாள்.

"இன்னொரு தபா பாடு" என்றாள் யோகேஸ்வரி.

"நல்லா இல்லியாக்கா?"

"நல்லாக் கீது. அதான் இன்னொரு தபா."

இருவரும் தனியாகக் கச்சேரி செய்ய ஆரம்பித்தார்கள். மாமல்லபுரம் ஒத்தவாடைத் தெருவில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் விடுதிகளின் மாடி உணவகங்களிலும், கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளிலும் கேட்டுக் கூப்பிட்டார்கள். வாசித்ததைப் பதிந்து திரும்பத் திரும்ப ஓட்டும் ஒரு பெடலை வாங்கிக் காலடியில் வைத்துக்கொண்டாள் யோகேஸ்வரி. முதலில் டோலக்கில் ஒரு தாளம், அதன்மேல் பேஸ் கிட்டார், அதன்மேல் மாண்டலின், கடைசியில் மவுத் ஆர்கன். ஒரே ஆள் ஒரு குழுவாக எழுந்து நிற்பதைப் பார்த்துச் சாப்பிடுகிறவர்கள் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார்கள். கைதட்டல் எந்தப் பக்கம் இருந்து அதிகம் வருகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் வணக்கம் வைப்பாள். ரஞ்சிதா அவள் முழங்கையைத் தொட்டுச் சரியான திசைக்குத் திருப்பிவிடுவாள். அதுதான் அவளுடைய நல்ல காலம். மூன்று நான்கு வருஷம் இருக்கும்.

முதலில் கெட்டது மவுத் ஆர்கன். மேல் சுரங்கள் சில ஊதினால் வெறும் காற்று மட்டும்தான் வந்தது. உப்புக்காற்றில் உள்ளே துருப் பிடித்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கினாள். புதிதும் அப்படியே இருந்தது. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்றாள். அப்புறம் புல்லாங்குழல் மந்தமாயிற்று, மூங்கில் விரிந்துவிட்டது என்றாள். மாண்டலினின் மெல்லிய கம்பியைக் கூட்டும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் முறுக்கிக்கொண்டே போய் இரண்டு முறை அறுத்தாள். "இந்தக் கடக்கரைல எந்தக் கம்பியும் நிக்காது" என்று திட்டினாள். கடலோரம் வாழ்கிற எல்லோரும் எதற்கெடுத்தாலும் உப்புக்காற்றைத் திட்டுகிறவர்கள்தான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

பிறகு ரஞ்சிதாவின் குரலில் குறை தெரிய ஆரம்பித்தது.

"வார்த்தைய முழுங்காதடி. ‘சீட்டு’ன்னு பாடறியா ‘ஈட்டு’ன்னு பாடறியா?"

"சீட்டுதான்கா."

"எனக்குக் கேக்கலியே. தொறந்து பாடு."

ரஞ்சிதா திறந்து பாடினாள். வாயைக் கோணிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பாடினாள். பாட்டு கெட்டதே தவிர அக்காவுக்குத் திருப்தி வரவில்லை. ஷிப்டு முடிந்து வந்த களைப்பில் பாடுகிறாள் என்று யோகேஸ்வரி நினைத்தாள். வேறு இடத்தில் பாடப் போகிறாள், அதனால் மனசு இங்கே இல்லை என்றும் ஒரு சமயம் நினைத்தாள். தன்னைப் பற்றி மட்டும் நினைக்கவில்லை. காதை நம்பித்தானே அவள் உயிரோடு நடமாடிக்கொண்டிருந்தாள்.

ஒரு டிசம்பர் மாதம், ஒத்தவாடைத் தெரு மாடியில் நல்ல கூட்டம். பஸ் பாட்டின் இரண்டாவது சரணம் போய்க்கொண்டிருந்தபோது யோகேஸ்வரி வாசிப்பதை நிறுத்தினாள். பெடல் மட்டும் பழைய தாளத்தை ஓட்டிக்கொண்டிருந்தது. முன்னால் மைக் இருக்கிறது என்ற நினைப்பே இல்லாமல், "வாய்க்குள்ள கொழுக்கட்டையாடி வெச்சுக்கினு கீற? பாடறதுன்னா பாடு, இல்லன்னா எறங்கிப் போ" என்று கத்தினாள்.

தமிழ் தெரிந்த மேஜைகளில் சிரிப்புக் கேட்டது. ரஞ்சிதா அந்தப் பாட்டை முடித்துக் கொடுத்தாள். அதற்கு மேல் பாடவில்லை.

பஸ் நிலையம் வரை யோகேஸ்வரியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாள். அங்கே கையை விட்டாள்.

"நாலு பேரு எதுர்ல என்ன அசிங்கப்படுத்திட்டக்கா. நான் ஒழுங்காத்தான் பாடறேன். ஒனக்குத்தான் காது கேக்கல."

"இன்னாடி சொன்ன? கண்ணு போனவளப் பாத்துக் காதும் போச்சுன்னா சொல்ற?"

"ஆமா, அப்பிடித்தான் சொல்றேன். காதும் போச்சு ஒனக்கு."

சண்டையில் வாய்க்கு வந்த வார்த்தை அது. சொன்னவளும் அதை நம்பவில்லை, கேட்டவளும் நம்பவில்லை. கல்பாக்கம் பஸ் வந்ததும் ரஞ்சிதா அவளை ஏற்றி உட்கார வைத்து, கண்டக்டரிடம் இறங்க வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டுப் போனாள். ஜெகதீசன் குழுவில் பாட வருவதையும் நிறுத்திவிட்டாள். அதன் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் அவர்கள் பேசிக்கொள்ளவில்லை.

யோகேஸ்வரி வேறு ஒரு பெண்ணைப் பாட வைத்துப் பார்த்தாள். அவளும் வார்த்தையை முழுங்கினாள். இன்னொருத்தியும் முழுங்கினாள். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு உச்சரிப்பே வராது என்று அம்மாவிடம் குறைப்பட்டுக்கொண்டாள்.

ஒரு நாள் காலை, வெயில் ஏறிய நேரம். வந்த செய்திகளைப் போன் தமிழில் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. பார்வையில்லாதவர்களுக்கான அந்தப் போன் குரலைக் கேட்டுத்தான் அவள் எல்லா வேலையும் செய்வாள். சில நாளாக அதுவும் தேய்ந்து ஒலித்தது. ‘சனி’ என்பது ‘அனி’யாக, ‘செங்கல்பட்டு’ வெறும் ‘எங்கல்பட்டு’வாக. புதிதாக ஏதோ ஏற்றிக் கெடுத்துவிட்டார்கள் என்று எரிச்சல்பட்டு, கூடை கழுவிக்கொண்டிருந்த அம்மாவைக் கூப்பிட்டாள்.

"மா, இத்தக் கேளேன். இன்னா எழவு பேசுதுன்னே புரியல."

ஆதியம்மாள் ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து போனைக் காதருகே வைத்துக் கேட்டாள். ஒரு நிமிஷம் கேட்டாள்.

"தெளிவாத்தானே பேசுது யோகா. சனிக்கெழம செங்கல்பட்டுல சாமான் எறக்கணுமாம். ஜெகதீசன் சொல்லிக்கிறாரு."

யோகேஸ்வரி கையை நீட்டினாள். போனை வாங்கி, அதே செய்தியை மறுபடி ஓடவிட்டாள். இன்னொரு முறை ஓடவிட்டாள். ஒத்தவாடைத் தெரு மாடி, அறுந்த கம்பிகள், தூக்கிப் போட்ட மவுத் ஆர்கன் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அன்று அவள் சாப்பிடவில்லை என்பதைக் சட்டியில் கிடந்த சோற்றைப் பார்த்துத்தான் ஆதியம்மாள் தெரிந்துகொண்டாள்.

செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரியில் காது பரிசோதனை செய்தார்கள். சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்து, தலையில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அமுக்க வேண்டும். முதலில் தடித்த சத்தங்கள் வந்தன, அமுக்கினாள். அப்புறம் ஒன்றும் வரவில்லை. அடுத்ததுக்காகக் கட்டை விரலைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். நேரம் போயிற்று. மெஷினில் ஏதோ கோளாறு போல என்று நினைத்தாள். கதவு திறந்தது. பரிசோதனை செய்த பெண் தோளைத் தொட்டு, "முடிஞ்சிருச்சும்மா" என்றாள்.

டாக்டர் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டார். கண்ணுக்குப் பார்த்த பழைய சீட்டுகளைப் புரட்டிவிட்டு, "நீங்களும் உங்க வீட்டுக்காரரும் சொந்தமா?" என்று கேட்டார்.

"என் தாய்மாமனத்தாங்க கட்னேன்."

கண்ணையும் காதையும் கெடுப்பது ஒரே நோய், பிறக்கும்போதே கூட வருவது, இரண்டு பக்கத்து ரத்தத்திலும் மறைந்திருந்து பிள்ளையில் வெளியே தெரிவது என்று அவர் பொறுமையாகச் சொன்னார். யார் மேலும் தப்பில்லை என்றும் சொன்னார். மேல் சுரத்து மெல்லிய சத்தங்கள் முதலில் போகும், கீழ்ச் சுரத்துத் தடித்தவை பிறகு. எவ்வளவு வேகமாக என்று சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து ஆதியம்மாள், "கட்ட மாட்டேன்னுதான் அழுதேன். எங்கம்மா கேக்கல" என்று மட்டும் சொன்னாள். சத்தமாகச் சொல்லவில்லை. மகளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

காதில் மாட்டும் கருவி கொடுத்தார்கள். அதை மாட்டினால் பேச்சு கொஞ்சம் புரிந்தது. கடல் மட்டும் எண்ணெய்ச் சட்டியில் வடாம் பொரிகிற மாதிரி இரைந்தது. வாத்தியங்கள் எல்லாம் தகர டப்பாவுக்குள் போய்விட்டன. வாசிக்கும்போது கருவியைக் கழற்றி வைத்துவிடுவாள். புல்லாங்குழலையும் மாண்டலினையும் துணி சுற்றிப் பரணில் ஏற்றினாள். கீபோர்டில் வலது கைப் பக்கம் செத்துப்போயிருந்தது. பேஸ் கிட்டார் மட்டும் முழுசாகக் கேட்டது. அதைத் தொடையில் வைத்து வாசித்தால் எலும்பு வழியாகவும் ஏறும். ஜெகதீசனிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் யோசிக்காமல், "பேஸ் மட்டும் வாசிச்சுக்கினு கூடவே இரு. ஒண்ணும் கெட்டுப் போயிடல" என்றார்.

ரஞ்சிதாவிடம் மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அந்த இரண்டு வருஷம் இப்படிப் போயிருக்காது. சொல்ல வேண்டும் என்று நினைக்கும்போதெல்லாம் பஸ் நிலையத்தில் கேட்ட அந்த வாக்கியம் குறுக்கே வந்தது. போன் செய்து, ‘நீ சொன்னதுதான் சரி’ என்று எப்படி ஆரம்பிப்பது?

பேஸும் நெடுநாள் நிலைக்கவில்லை. படாளம் பக்கம் ஒரு அம்மன் கோயில் திருவிழா. நல்ல கூட்டம், பட்டாசு, பக்கத்தில் ராட்டினத்து ஸ்பீக்கர். பாட்டு முடிகிற இடத்தில் ஜெகதீசன் கையசைத்து எல்லோரையும் நிறுத்துவார். இவளுக்குக் கை தெரியாது. டிரம்மின் தட்டில் விழும் கடைசி அடிதான் அடையாளம். அந்தத் தட்டின் சத்தம் இப்போது அவளுக்கு வரவில்லை. எல்லோரும் நிறுத்திவிட்டார்கள். யோகேஸ்வரி தலையைக் குனிந்து வாசித்துக்கொண்டே இருந்தாள். கூட்டம் முதலில் அதை ஒரு வேடிக்கை என்று நினைத்து விசிலடித்துக் கைதட்டியது. கைதட்டலைக் கேட்டு அவள் இன்னும் உற்சாகமாக வாசித்தாள். ஜெகதீசன் வந்து கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

சாமானெல்லாம் வேனில் ஏற்றிய பிறகு அவர் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, காதோரம் குனிந்து, "கொஞ்ச நாளு வூட்ல இரும்மா" என்றார்.

"சரிண்ணே" என்றாள்.

கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு என்று இருவருமே பேசவில்லை.

ரஞ்சிதாவுக்கு அதை ஜெகதீசன்தான் சொன்னார். கேட்ட வாரமே, ஷிப்டு இல்லாத ஒரு நண்பகலில் அவள் சதுரங்கப்பட்டினம் வந்தாள். சுனாமிக் குடியிருப்பில் வீட்டுக் கதவு திறந்திருந்தது. யோகேஸ்வரி தரையில் உட்கார்ந்து முறத்தில் கருவாட்டைத் தடவிக் கல் மண் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"அக்கா."

திரும்பவில்லை. உள்ளே வந்து நிழல் விழும்படி நின்று மறுபடி கூப்பிட்டாள். யோகேஸ்வரி முகத்தைத் தூக்கினாள்.

"அம்மா மார்க்கெட்டு போய்க்கிறாங்க. அப்புறம் வாங்க."

"நான்தான்கா. ரஞ்சிதா."

"அஞ்சலையா? மகளிர் குழுப் பணமா? அம்மா வந்தாத்தான்."

ரஞ்சிதா முட்டி போட்டு உட்கார்ந்தாள். வலது காதுப் பக்கம் வாயை வைத்து, குரலை அடித்தொண்டைக்கு இறக்கி, "சிங்கப்பெருமாள் கோயில்" என்றாள்.

கருவாட்டின் மேல் இருந்த கை நின்றது. முறத்தைத் தள்ளி வைத்தாள். கருவாட்டுக் கையோடு தொடத் தயங்கி, மணிக்கட்டால் ரஞ்சிதாவின் கன்னத்தை உரசிப் பார்த்தாள்.

"நீ அன்னைக்குச் சொன்னது நெசந்தான்டி."

ரஞ்சிதா உடைந்து அழுதாள். படாளத்து விஷயம் கேட்ட நாளிலிருந்து தன் வாய்தான் பலித்துவிட்டது என்ற பயத்தில் அவள் தூங்கவில்லை. அதை விக்கி விக்கிச் சொல்ல, யோகேஸ்வரிக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டு, பாதி புரிந்ததும், "நீ சொல்றதுக்கு முன்னாடியே அது போயிடுச்சு. நான்தான் ஒம்மேல பழியப் போட்டேன்" என்றாள். அந்த மதியம் இருவரும் பேசியது கொஞ்சம்தான். ஒவ்வொரு வாக்கியத்தையும் மூன்று தரம் சொல்ல வேண்டியிருந்தது.

கிளம்பும்போது ரஞ்சிதா கேட்டாள்: "பாட்டெல்லாம் எங்கக்கா கீது?"

யோகேஸ்வரி நெற்றியைத் தொட்டுக் காட்டினாள்.

அதற்குள் சென்னையில் ஒரு பெரிய டாக்டர் இன்னொரு வழி சொல்லியிருந்தார். காதுக்குள் ஒரு கருவியை வைத்துத் தைக்கும் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு பழகிப் பழகிப் பேச்சு புரிய ஆரம்பிக்கும். ஆனால் அந்தக் காதில் இயற்கையாக மிச்சம் இருக்கும் தடித்த சத்தங்கள் போய்விடக்கூடும். பாட்டு முன்போல் கேட்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. தாமதித்தால் பலன் குறையும். ஓர் அறக்கட்டளை உதவ முன்வந்தது. ஆதியம்மாள் உடனே செய்ய வேண்டும் என்றாள்.

"கண்ணும் இல்லாம காதும் இல்லாம எப்பிடிடி இருப்ப? நான் எத்தினி நாளைக்கு? என் கொரலு கேக்க வேணாமா ஒனக்கு?"

"கேக்கணும்மா. இருக்கறத வெச்சு இந்தப் பாட்டுங்கள முடிச்சிடறேன். அப்புறம் செய்யட்டும்."

செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டான்லி என்பவர் ஒரு ஒலிப்பதிவு அறை வைத்திருந்தார். சர்ச் பாட்டுகளும் கல்யாண வீடியோ வேலையும்தான் அவருக்கு வாடிக்கை. ரயில் போகும்போதெல்லாம் பதிவை நிறுத்த வேண்டும். ரஞ்சிதாவின் ஷிப்டுக்கு ஏற்ற மாதிரி வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்று அங்கே போனார்கள். ஒவ்வொரு வாத்தியமாக யோகேஸ்வரியே வாசித்துப் பதிந்தாள். பேஸ் ஒரே மூச்சில் முடிந்தது. டோலக்கும் முடிந்தது. பரணிலிருந்து இறக்கிய மாண்டலினை ஸ்டான்லி மெஷின் வைத்துக் கூட்டிக் கொடுத்தார். யோகேஸ்வரி அதை வாசித்தாள். கம்பி விரலில் அழுந்துவது தெரிந்தது. சத்தம் வரவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் வாசித்த விரல்கள் எங்கே போக வேண்டுமோ அங்கே போயின என்று நம்புவதைத் தவிர வேறு வழி இல்லை.

முடித்துவிட்டு ரஞ்சிதா பக்கம் முகத்தைத் திருப்பினாள். "வந்துச்சா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்டான்லி கட்டை விரலை உயர்த்தினார். நன்றாகத்தான் இருந்தது. ஓரிடத்தில் மட்டும் ஒரு சுரம் லேசாக நழுவியிருந்தது. கேட்பவர்களில் நூற்றில் ஒருவருக்குக்கூடத் தெரியாது.

ரஞ்சிதா குனிந்து அவள் காதில் சொன்னாள்: "இல்லக்கா. ரெண்டாவது எடத்துல வழுக்கிடுச்சு. இன்னொரு தபா."

"விடும்மா, பாவம், கேக்காதவங்கள ஏன்..." என்றார் ஸ்டான்லி.

"அவங்களுக்குக் கேக்காதுன்னுதான் சார் சொல்றேன்" என்றாள் ரஞ்சிதா.

யோகேஸ்வரி மறுபடி வாசித்தாள். அதுவும் சரியாக வரவில்லை. அன்று சாயந்திரம் வரை முயன்று, விரல் நுனி தோலுரிந்த பிறகு வந்தது. ரஞ்சிதா தன் பாட்டுக்கும் அதே கணக்கு வைத்தாள். வார்த்தை ஒன்று தேய்ந்தாலும் தானே நிறுத்தித் திரும்பப் பாடினாள். யோகேஸ்வரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு அருகில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு அதில் பேஸும் டோலக்கும் மட்டும் கேட்கும். ரஞ்சிதா பாட வேண்டிய இடம் வரும்போது அவள் உதடு அசையும். பார்வை சுருங்குவதைப் பற்றி எழுதிய பாட்டுதான் கடைசியாகப் பதிந்தது:

"ஜன்னலா இருந்தது சாவித் துவாரமாச்சு,
அதுக்குள்ளயும் அடங்குதே அம்மாவோட மூக்குத்தி."

அது முடிந்த அன்று ரஞ்சிதா, "வந்துடுச்சுக்கா" என்றாள். யோகேஸ்வரி ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, ரயில் ஒன்று போய் முடிகிற வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள். தரை அதிர்வது அவளுக்குத் தெரிந்தது.

ஐப்பசியில் சென்னையில் அறுவை சிகிச்சை நடந்தது. இடது காது. தையல் ஆறியதும் கருவியை இயக்கினார்கள். ஆதியம்மாள்தான் முதலில் பேசினாள். "யோகா, கேக்குதா?" டின்னுக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி இருந்தது. இது அம்மா குரல் இல்லை என்று சொல்ல வாயெடுத்து, அம்மா பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்து, "கேக்குதும்மா" என்றாள். பழக மாதக்கணக்காயிற்று. ஆனால் பழகியது. இப்போது பக்கத்தில் இருந்து பேசினால் புரிகிறது. போனில் ரஞ்சிதாவோடு பேசுகிறாள். போனின் தமிழ்க் குரலும் புரிகிறது. டாக்டர்கள் இதை நல்ல பலன் என்கிறார்கள், உண்மையும் அதுதான்.

தை மாதம் ரஞ்சிதா வந்து, பதிந்த பாட்டுகளைப் போட்டுக் காட்டினாள். யோகேஸ்வரி அசையாமல் கேட்டாள். ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. மெட்டு இல்லை. மேலே போகிறதா கீழே வருகிறதா என்றே தெரியவில்லை. யாரோ அவசரமாகச் செய்தி வாசிப்பது போல இருந்தது. வலது காதில் அடியில் மட்டும் எங்கோ பேஸ் தட்டியது, அதுவும் முன்னைவிடத் தூரத்தில். பாதியில் நிறுத்தச் சொன்னாள்.

"நல்லாப் பாடிக்கிற" என்றாள்.

"கேட்டுதாக்கா?"

"கேட்டுது."

பாட்டுகளை ரஞ்சிதா இணையத்தில் ஏற்றினாள். கேட்டவர்கள் அதிகமில்லை. குழுக்காரர்கள், பள்ளித் தோழிகள் சிலர், முகம் தெரியாத சிலர். ஜெகதீசன் கல்யாண மேடைகளில் பஸ் பாட்டைச் சேர்த்துக்கொண்டார். இப்போதெல்லாம் யோகேஸ்வரி அம்மாவோடு கருவாடு பொறுக்குகிறாள். புதிதாகப் பார்வை இழந்தவர்கள் யாராவது கேட்டு வந்தால் போனைப் பயன்படுத்தச் சொல்லிக் கொடுக்கிறாள். வார்த்தை மட்டும் எழுதிக் கொடு, மெட்டு நாங்கள் போடுகிறோம் என்று ஜெகதீசன் ஒரு முறை கேட்டுப் பார்த்தார். மெட்டு வராமல் தனக்கு வார்த்தை வராது என்று சொல்லிவிட்டாள்.

போன மாதம் பினாங்கிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். பாட்டுகளைத் தினம் வேலைக்குப் போகும்போது கேட்பதாகவும், அடுத்தது எப்போது வரும் என்றும். ரஞ்சிதா அதைப் போனில் படித்துக் காட்டிவிட்டு, என்ன பதில் எழுதட்டும் என்று கேட்டாள்.

யோகேஸ்வரி, "இப்போதைக்கு இல்லன்னு எழுது" என்றாள். ரஞ்சிதா அதை டைப் அடிக்க ஆரம்பித்திருப்பாள்.

"அந்த ‘இப்போதைக்கு’ வேணாம். எடுத்துடு."

ரஞ்சிதா எடுத்துவிட்டு அனுப்பினாள்.